ஏழாம் கட்டத்து மட்டிகள்

“எடுத்தாத்தான்யா திருட்டு! கொண்டுவந்து போட்டா அதுக்குப் பேரு என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க!” என்று கூட்டுறவுத் தலைவர் குவாக் மேசையைத் தட்டிய வேகத்தில் பார்லி டீ டம்ளர் சாய்ந்து சங்கத்து விதிப் புத்தகம் நனைந்தது.

“பேரு என்னவா வேணா இருக்கட்டும். என் கட்டத்துல யாரோ கை வெச்சிருக்காங்க!” என்று சோரிம் கத்தினாள். மூன்று வருடமாக ஊரில் குடியிருப்பவள்தான், ஆனால் அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பது சோல்கே ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

“உன் கட்டமா? சேறு ஊருக்குச் சொந்தம், டாக்டரம்மா.”

“அப்படிக் கூப்பிடாதீங்க தலைவரே. இப்படியே போனா நான் டாக்டரே ஆக மாட்டேன்.”

கூடத்தில் இருந்த முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குவாக் ஈரப் புத்தகத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு புரட்டினார். குறித்த நாளுக்கு முன் சேற்றில் இறங்கினால் என்ன தண்டனை, அடுத்தவர் பாத்தியில் மட்டி தோண்டினால் என்ன, குஞ்சு மட்டியை விட்டு வைக்காமல் அள்ளினால் என்ன என்று முப்பத்தொரு விதிகள் இருந்தன. அத்தனையும் எடுப்பவர்களைப் பற்றியவை. யாராவது அடுத்தவர் இடத்தில் மட்டியைக் கொண்டுவந்து போடுவார்கள் என்று அந்தப் புத்தகத்தை எழுதிய பெரியவர்களுக்குக் கனவிலும் தோன்றியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். கடல் வற்றியதும் வெளியே வரும் சேற்றுவெளியில், கரையிலிருந்து இருபது நிமிட நடைத் தூரத்தில், சோரிம் பன்னிரண்டு கட்டங்கள் அடித்து வைத்திருந்தாள். நான்கு குச்சி, ஒரு நீலக் கயிறு, ஒரு எண். மாதம் இருமுறை, கடல் அதிகமாக வற்றும் நாட்களில் போய், ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மட்டிகளைத் தோண்டி எண்ணி, தட்டில் பரப்பிப் படம் எடுத்து, திரும்பப் புதைத்துவிட்டு வருவாள். மலைச்சரிவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கிப் போய், சேற்றுக்கு அடியிலிருந்து நல்ல தண்ணீராகக் கசிகிறது. அந்தக் கசிவு இருக்கும் இடத்தில்தான் குஞ்சு மட்டி பிழைக்கும் என்பது அவள் கட்சி. மேலே வில்லா கட்டும் கம்பெனி ஏற்கெனவே இரண்டு போர் கிணறு போட்டுவிட்டது. இன்னும் ஐந்து போட மனுக் கொடுத்திருக்கிறது. போர் போட்டால் கசிவு குறையும், கசிவு குறைந்தால் மட்டி குறையும் என்பதை அவள் எண்ணிக்கை காட்ட வேண்டும். நவம்பரில் மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. காட்டினால் அவளுக்கு முனைவர் பட்டம், ஊருக்குத் தண்ணீர்.

போர் போட்ட பிறகு எண்ணிக்கை ஒழுங்காகத்தான் குறைந்துகொண்டு வந்தது. நடுவில் கொஞ்சம் தடுமாறியது. இந்த மே மாதம், பதினெட்டு மட்டி இருக்க வேண்டிய ஏழாம் கட்டத்தில் அறுபத்தொன்று இருந்தன. எல்லாம் ஒரே அளவு, பள்ளிக்கூட வரிசையில் நிறுத்தியதுபோல.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்று சேற்றுவெளிக்கு ஆள் ஏற்றிப்போகும் டிராக்டரை ஓட்டும் தால்சு எழுந்தான். நாற்பத்தோரு வயது, ஒரு விவாகரத்து, நல்ல பல்வரிசை. ஊர் இவனையும் சோரிமையும் இரண்டு வருடமாக முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. “வில்லாக்காரன் வேலை. மட்டி பெருகிக் கெடக்குன்னு காட்டிட்டா போருக்கு அனுமதி கெடைச்சிரும்ல?”

கூடம் அதிர்ந்தது. இவ்வளவு நல்ல காரணம் கிடைத்த பிறகு யாருக்கும் வேறு காரணம் தேவைப்படவில்லை. குவாக் உடனே பேனாவை எடுத்தார். “மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு... டாக்டரம்மா, நீயும் கையெழுத்துப் போடணும்.”

“போடுறேன்” என்றாள் சோரிம்.

“போடாத” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

சோரிமின் அடுத்த வீட்டுக்காரி தோக்சுன். அறுபத்தொரு வயது. கணவர் போய் ஒன்பது வருடம். மகள் சோன்ஆன் நகரத்தில் இருக்கிறாள். பேச்சைச் சில்லறைபோல எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பெண்மணி.

“ஏன் அண்ணி?” என்றார் குவாக். தோக்சுன்னின் கணவருக்குப் படகில் கூட்டாளியாக இருந்தவர்.

“நான்தான் போட்டேன்.”

“எதைப் போட்டீங்க?”

“மட்டியை. வேற எதை? என் பாத்தியில விதைக்கச் சங்கத்துல குடுத்த குஞ்சு மட்டி மூட்டைலேர்ந்துதான். யார் பங்கும் இல்ல. போன வருஷத்துலேர்ந்து இவகூட எண்ணப் போறப்பல்லாம் ஒரு கை, ரெண்டு கைன்னு போட்டுட்டு வந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கை நீண்டிருச்சு.”

யாரோ சிரித்தார்கள். யாரென்று தெரிந்தாலும் இங்கே சொல்லப்போவதில்லை.

“ஏன் சித்தி?” என்றாள் சோரிம்.

“ஏன்னா? எண்ணி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற. மட்டி கம்மியா இருந்தா உங்க பேராசிரியர் திட்டுவாருன்னு நெனைச்சேன். எங்களுக்கும் சங்கத்துல அப்படித்தான், கூடை ரொம்பலைன்னா கேள்வி கேப்பாங்க. சின்னப் பொண்ணு, படிச்சு முடிச்சுட்டுப் போகட்டும்னு...”

“குறைஞ்சாத்தான் எனக்குச் சந்தோஷம்!” சோரிம் அழுதபடி கத்தினாள். “குறையணும்னுதான் எண்ணிக்கிட்டிருக்கேன்! மூணு வருஷமா அது குறையுதான்னுதான் பார்த்துக்கிட்டிருக்கேன்!”

மட்டியால் பிள்ளைகளைப் படிக்க வைத்த முப்பது பேர் முன்னால் சொல்லக் கூடிய வார்த்தை இல்லை அது. தோக்சுன் மட்டும் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்:

“சந்தோஷம்னா அப்புறம் எதுக்கு மூஞ்சி தொங்குச்சு?”

சோரிமிடம் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அது முப்பது பேர் முன்னால் சொல்கிற பதில் இல்லை.

குவாக் முப்பத்திரண்டாம் விதியை அப்போதே எழுதிச் சேர்த்தார்: சங்கத்தின் அனுமதி இன்றி எவரும் எங்கும் மட்டி போடக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள், தோக்சுன் உட்பட.

*

அந்தப் பதில் என்னவென்று சோரிம் அன்று தன் அறைக்குப் போய் உட்கார்ந்து யோசித்தாள்.

மூடுபனி ஏறினால் சேற்றுவெளியில் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவள் எண்ணப் போகும் நாளில் ஊரிலிருந்து ஒருவர் முறை வைத்துக் கூட வருவார்கள். முதல் வருடம் ஆள் மாறி மாறி வந்தார்கள். அப்புறம் தோக்சுன் ஒவ்வொருவரிடமும் அவர்கள் முறையை வாங்கிக்கொண்டாள். இதற்காக எத்தனை டப்பா கிம்ச்சி ஊறுகாய் கைமாறியது என்பது ஊருக்கே தெரியும். வெயிலில் அலைய யாருக்கு ஆசை? சந்தோஷமாக விட்டுக் கொடுத்தார்கள். ஏன் வாங்குகிறாள் என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அடுத்தவர் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கை வைத்தே சொல்லும் ஊர் இது.

தோக்சுன் கூட வந்தாலும் பேச மாட்டாள். இரண்டு கட்டம் தள்ளிக் குந்தியிருப்பாள். சோரிம் எண்களைச் சத்தமாகச் சொல்லி எழுதுவாள். அந்த நான்கு மணி நேரம் அவள் சொல்வதைக் கேட்க ஒரு ஆள் இருந்தது. எண்ணி முடித்ததும் கடல் திரும்பி வரும், இருவரும் கரை ஏறுவார்கள், வீட்டு வாசலில் “சரி”, “சரி சித்தி” என்று இரண்டு வார்த்தை, இரண்டு கதவு. அடுத்த எண்ணிக்கைக்குப் பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளும் கடைக்காரரிடம் “பை வேண்டாம்” என்பதைத் தவிர அவள் வாயைத் திறக்க வேண்டிய வேலை இருக்காது. ஆய்வகத்தில் கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அவள் அனுப்பும் செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வரும். கரை ஏறும்போது முகம் தொங்கியது அதனால்தான்.

இதைச் சொல்லியிருந்தால் மட்டிகள் சாக்கிலேயே இருந்திருக்கும்.

பேராசிரியர் போனில் சுருக்கமாகப் பேசினார். “கடைசி வருஷக் கணக்கைத் தூக்கிப் போட்டுரு.”

“அதைப் போட்டுட்டா மிச்சம் ரெண்டு வருஷம்தான் சார். போர் போட்டதே போன வருஷம்தானே? அதுக்கு அப்புறம் உள்ள கணக்கே இருக்காது.”

“இல்லாததை இருக்குன்னு எழுத முடியுமா?”

“முடியாது சார்.”

“அப்ப இன்னொரு வருஷம் எண்ணு.”

“நவம்பர்ல விசாரணை சார்.”

அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. பெருமூச்சை வைத்து விசாரணைக்கு அறிக்கை எழுத முடியாது.

சோரிம் ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த அறுபத்தொன்றைப் பதினெட்டு என்று மாற்றி எழுதிப் பார்த்தாள். கோடு வரைபடத்தில் அழகாக இறங்கியது. பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்துவிட்டாள்.

அடுத்த எண்ணிக்கை நாளில் தோக்சுன் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம், மூடும் சத்தம், அவ்வளவுதான். கூட வந்தது தலைவர் மனைவி மியோங்ஜா. இந்தம்மாள் தோக்சுன்னுக்கு நேர் எதிர், டிராக்டரில் ஏறிய நொடியிலிருந்து வாய் மூடவில்லை. மருமகளின் சமையல், தன் முழங்கால், தால்சுவின் முதல் மனைவி எவ்வளவு நல்லவள் என்பது, தால்சு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே. சோரிமுக்கு இந்தப் பேச்சுக்கு நடுவில் முன்னைவிடத் தனிமையாக இருந்தது. தோக்சுன் குந்தியிருக்கும் இடத்தை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

மியோங்ஜா அவள் தோள் வழியாகக் கைபேசியை எட்டிப் பார்த்தாள். போன மாதத்து ஏழாம் கட்டம், தட்டில் பரப்பிய படம்.

“இது போட்டது. இதுவும். இது நம்ம ஊர் மட்டி. இது போட்டது, போட்டது, போட்டது.”

“எப்படித் தெரியும்?”

“எப்படித் தெரியுமா? கண்ணு இருக்கே! இதோ ஓட்டுல ஒரு வரி விழுந்திருக்கு பாரு. மூட்டையில கட்டி வேற கடல்லேர்ந்து கொண்டாந்து போட்டா, அன்னிக்கு மட்டி வளராம நின்னுபோயி ஒரு வரி விழும். இங்கயே பொறந்ததுக்கு அந்த வரி இருக்காது. நிறமும் கறுப்பா இருக்கும்.” அப்புறம் மூக்கைச் சுருக்கினாள். “சின்ன மட்டின்னா எனக்குக் கொஞ்சம் தடுமாறும். தோக்சுன்னுக்குத் தடுமாறாது. முப்பது வருஷமா தரம் பிரிக்கிற மேசையில முதல் ஆளு அவதான். உன் பக்கத்து வீடுதானே, கேளேன்.”

பக்கத்து வீடுதான். எட்டு அடி. சோரிம் அந்தக் கதவை மூன்று வருடத்தில் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. தொந்தரவாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

தட்டினாள். தோக்சுன் திறந்தாள். கையில் கரண்டி, உள்ளே தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

“சித்தி, இருநூத்தி எண்பத்தெட்டு படம் இருக்கு. நீங்க போட்டது எது, போடாதது எதுன்னு பிரிச்சுச் சொல்லணும்.”

“திட்டத்தான் வந்தியோன்னு நெனைச்சேன்.”

“திட்டணும்தான். அது அப்புறம்.”

தோக்சுன் அடுப்பை அணைத்தாள்.

*

முதலில் சோதனை. நூறு மட்டிகளைத் தால்சு, மூட்டை மட்டி போட்ட பாத்தியிலிருந்தும் போடாத சேற்றிலிருந்தும் எடுத்து எண் போட்டுக் கலந்து கொண்டுவந்தான். எது எங்கிருந்து என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். தோக்சுன் தொண்ணூற்றேழு சரியாகச் சொன்னாள். மூன்று தவறியதற்கு, “தால்சு எண்ணை மாத்தி எழுதியிருப்பான்” என்று கடைசிவரை சாதித்தாள். மியோங்ஜா எண்பத்தொன்பது. “கண்ணாடி போடலை” என்றாள். அப்புறம் படங்களை வைத்தும் இதே சோதனை. பேராசிரியர் இந்தத் தடவை பெருமூச்சு விடவில்லை. அந்த வரியைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்றும், இரண்டு பேரும் தனித்தனியாகப் பிரித்து, ஒத்துவருவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

மியோங்ஜா தன் வீட்டில் வாரம் ஒருநாள் பார்த்துத் தள்ளினாள். தோக்சுன் தினமும் வந்தாள். ஜூன் கடைசியில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது, சேற்றில் வேலை இல்லை. காலை ஒன்பதுக்குக் கதவைத் தட்டுவாள், அவித்த உருளைக்கிழங்கோ, மட்டி போட்ட நூடுல்ஸோ ஒரு பாத்திரத்தில் இருக்கும். சோரிமின் மேசையில் கணினி முன் உட்கார்ந்து, திரையைத் தொட்டுத் தொட்டுச் சொல்வாள்.

“ஊர். ஊர். போட்டது. ஊர். திரையை இவ்வளவு அழுக்கா வெச்சிருக்கியே, உனக்கு எவன் பட்டம் குடுப்பான்?”

“அது உங்க விரல் பட்ட அழுக்கு சித்தி.”

“போட்டது. அறையில ஒரு பூச்செடிகூட இல்லையே.”

“செடி பேசுமா?”

“பேசாது. நீ மட்டும் என்ன, பேசிக் கிழிச்சுட்டியா?”

ஏழாம் கட்டத்து அறுபத்தொன்றில் பதினாறுதான் ஊர் மட்டி என்று கண்டுபிடித்த அன்று இருவரும் கைதட்டினார்கள். சுவருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது கேட்டது. என்ன விசேஷம் என்று நின்றும் பார்த்தார்கள். விசேஷம் மட்டி செத்ததுதான் என்று தெரிந்து, தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

ஜூலை முப்பதாம் தேதி, மதியம் மூன்று மணிக்கு, கடைசிப் படம் முடிந்தது.

“அவ்வளவுதானா?” என்றாள் தோக்சுன்.

“அவ்வளவுதான் சித்தி.”

தோக்சுன் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்ட வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. “சரி” என்றாள். “சரி சித்தி” என்றாள் சோரிம்.

மறுநாள் ஒன்பது மணிக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. இந்தப் பக்கம் சோரிம் ஒன்பதே காலுக்குக் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். அந்தப் பக்கம் குழாய் திறந்தது, மூடியது. தட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இருவரிடமும் அது தீர்ந்துபோயிருந்தது.

ஒரு வாரம் கழித்து சோரிம் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். “இது ஒண்ணு சந்தேகமா இருக்கு சித்தி.” ஏற்கெனவே பிரித்து முடித்த படம் அது. மூன்றாம் கட்டம், அக்டோபர் மாதம். தோக்சுன்னுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்திருக்கும். ஆனால் அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முலாம்பழம் ஒன்றை வெட்டி வைத்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சொன்னாள், “எல்லாம் ஊர் மட்டிதான்.”

இரண்டாவது முறை அப்படிப் போக சோரிமுக்கு வெட்கமாக இருந்தது. படத்தைக் கையில் எடுத்தாள், வாசல்வரை வந்தாள், மழை பெய்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எதிர் வீட்டிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அன்று மழை இல்லை.

நவம்பர் விசாரணையில் வில்லாக்காரர்களின் வக்கீல், “மட்டியைப் போட்ட அம்மாளே மட்டியைப் பிரித்தும் கொடுத்திருக்கிறார், இதெல்லாம் ஒரு ஆதாரமா?” என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். சோரிம் எழுந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றேழைச் சொன்னாள். போட்டதையும் மறைக்காமல் சொன்னாள், யார் போட்டது, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை என்று. பின்னால் உட்கார்ந்திருந்த தோக்சுன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஐந்து போரில் மூன்றுக்கு அனுமதி மறுத்தார்கள். இரண்டு போட்டார்கள். பத்து, பதினோராம் கட்டங்களில் இப்போது கசிவு இல்லை, மட்டியும் இல்லை. மற்றவற்றில் இருக்கிறது.

பிப்ரவரியில் சோரிம் டாக்டர் ஆனாள். அதற்கு அடுத்த வாரமே தெற்கே யோசுவில் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் வேலைக்குப் போய்விட்டாள். சாமான்கள் மொத்தமே தால்சுவின் டிராக்டரில் பாதிதான் வந்தன. தால்சு பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டான். இறங்கும்போது ஏதாவது சொல்வான் என்று ஊர் எதிர்பார்த்தது. “பெட்டி கனமா இருக்கு டாக்டர், புத்தகமா?” என்றுதான் கேட்டானாம். அவன் அடுத்த இலையுதிர்காலத்தில் சோசான் டவுனில் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, டிராக்டரை விற்றுவிட்டு, அங்கேயே குடியேறிவிட்டான். தலைமுடி இப்போது ரொம்ப நன்றாக இருக்கிறது.

தோக்சுன்னை மகள் சோன்ஆனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டாம் மாடி. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போனபின் பகல் முழுக்க வீட்டில் யாரும் கிடையாதாம். சங்கத்து உறுப்பினர் இடத்தையும் விட்டுக் கொடுத்துவிட்டாள்.

சோரிம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், நேரம் இல்லை என்கிறாள். மாதம் ஒரு முறை மியோங்ஜாவுக்குப் போன் செய்கிறாள். கட்டங்களைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, “சித்தி எப்படி இருக்காங்க, ஏதாவது தெரியுமா?” என்கிறாள். தோக்சுன்னும் மியோங்ஜாவுக்குத்தான் போன் செய்கிறாள், அவளும் கிம்ச்சி, முழங்கால் எல்லாம் விசாரித்துவிட்டு, “அந்தப் பொண்ணு என்ன ஆனா, சாப்பிடுதா ஒழுங்கா?” என்கிறாள். இருவருக்கும் இடையில் மாட்டிக்கொண்ட மியோங்ஜா ஒரு நாள் பொறுமை இழந்து, “அவ நம்பரைத் தர்றேன், நீங்களே பேசிக்கோங்களேன்” என்று இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“நம்பர் எங்கிட்ட இருக்கு” என்றார்கள் இரண்டு பேரும்.